நியூயார்க்கில் ஜாஸ் வாசிக்கப் போகிறீர்களா? ஆசானும் வேண்டும், கோப்பும் வேண்டும்

டபுள் பேஸ் என்ற பெரிய தந்திக் கருவியைச் சுமந்துகொண்டு நியூயார்க் போய் இறங்கியபோது என்னிடம் இருந்த திட்டம் ஒன்றே ஒன்றுதான்: நன்றாக வாசிப்பது. மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்று நம்பினேன். 3 ஆண்டுகள் கழித்து ஒரு குடிவரவு வழக்கறிஞரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். "இதுவரை எங்கெல்லாம் வாசித்திருக்கிறீர்கள்? ஆதாரங்களைக் கொடுங்கள்" என்றார். அறுபது, எழுபது மேடைகள் ஏறியிருப்பேன். கையில் இருந்தவை 2 துண்டறிக்கைகள். அவற்றில் ஒன்றில் என் பெயரைப் பிழையாக அச்சடித்திருந்தார்கள்.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் புரிந்தது. ஜாஸ் உலகில் உங்களை வளர்ப்பவர் ஆசான். ஆனால் அந்த உலகில் உங்களைத் தங்க வைப்பது காகிதம். இரண்டும் வேறு வேறு வேலைகள் என்று நினைத்தது என் தவறு. ஆசான் எழுதும் கடிதம்தான் விசாவுக்குப் போகிறது. விசா இருந்தால்தான் ஆசானின் குழுவில் வாசிக்க முடிகிறது. எனவே இரண்டையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. பள்ளியைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள்

தரவரிசைப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு பள்ளிகளை எண்ணத் தொடங்கினால் பாதை அங்கேயே கோணலாகிவிடும். தலைகீழாகத் தொடங்குங்கள். இன்று வாசித்துக்கொண்டிருக்கும் கலைஞர்களில், கேட்டுவிட்டு உங்களால் தூங்க முடியாமல் போன ஐந்து பேரின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று கேள்விகள்: யாரிடம் கற்றார்? யாருடைய குழுவில் வாசித்து வளர்ந்தார்? இப்போது எங்கே கற்பிக்கிறார்?

அந்தத் தாள் சில நாட்களில் ஒரு குடும்ப மரமாக மாறிவிடும். பியானோ கலைஞர் ஜேசன் மொரான், ஜாக்கி பயர்டிடம் கற்க வேண்டும் என்றே மன்ஹாட்டன் ஸ்கூல் ஆஃப் மியூசிக்கில் சேர்ந்தவர். பிறகு கிரெக் ஆஸ்பியின் குழுவில் வாசித்தார். அதே மொரான்தான் 2020ல் ப்ளூ நோட் நிறுவனம் வெளியிட்ட சாக்ஸஃபோன் கலைஞர் இம்மானுவல் வில்கின்ஸின் முதல் ஆல்பத்தைத் தயாரித்துக் கொடுத்தார். சாக்ஸஃபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மன் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவராகப் பார்த்த ட்ரம்பெட் கலைஞர் ஆம்ப்ரோஸ் அக்கின்முசிரேயைத் தன் குழுவோடு ஐரோப்பியப் பயணத்துக்கு அழைத்துப் போனார். தமிழ்ப் பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்தில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயரும் கோல்மனின் குழுவில் வாசித்து வளர்ந்தவர்தான். கணிதமும் இயற்பியலும் படித்த அவர் 2014 முதல் ஹார்வர்டில் இசைப் பேராசிரியர். கிட்டார் கலைஞர் மேரி ஹால்வர்சன் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போனது உயிரியல் படிக்க. அங்கே இசையமைப்பாளர் ஆன்டனி பிராக்ஸ்டனின் வகுப்பில் உட்கார்ந்த பிறகு உயிரியல் காணாமல் போனது.

இவர்களில் யாருக்கும் வாழ்க்கையை மாற்றியது பட்டச் சான்றிதழ் அல்ல, ஒரு மனிதர். பள்ளி என்பது அந்த மனிதர் இருக்கும் கட்டடம், அவ்வளவே.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பள்ளியின் ஆசிரியர் பட்டியலில் இருக்கும் பெரிய பெயர், வாரம் தவறாமல் வகுப்புக்கு வருபவரின் பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை. நான் ஒருவரை நம்பிச் சேர்ந்தேன். அவர் அந்தப் பருவம் முழுவதும் பயணத்தில் இருந்தார், நான் அவரைப் பார்த்தது இரண்டே முறை. சேர்வதற்கு முன்பே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்: தனிப்பாடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யாரிடம், அவர் வராத வாரங்களில் யார் எடுப்பார், ஆசிரியரை நானே தேர்ந்தெடுக்க முடியுமா? பதில் எழுத்தில் வர வேண்டும். தொலைபேசியில் தரும் உறுதி காற்றோடு போய்விடும்.

விண்ணப்பிக்கும் முன் அந்த ஆசிரியரிடம் காசு கொடுத்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளுங்கள். இணையவழியாக இருந்தாலும் போதும். பெயர் பெற்றவர்கள் மணிக்கு 100 முதல் 200 டாலர் வரை கேட்பது வழக்கம். ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலர் செலவழிக்கும் முன் இந்தச் செலவுக்கு யோசிக்க வேண்டாம். எழுதும் மின்னஞ்சல் 5 வரிக்குள் இருக்கட்டும்: நீங்கள் யார், அவருடைய வாசிப்பில் எந்த இடம் உங்களைப் பிடித்தது, எதில் தடுமாறுகிறீர்கள், ஒரு பாடத்துக்கு என்ன கட்டணம், 2 நிமிடப் பதிவுக்கான இணைப்பு. "என் வழிகாட்டியாக இருப்பீர்களா" என்று முதல் கடிதத்திலேயே கேட்காதீர்கள். முன்பின் தெரியாதவரிடம் தத்தெடுத்துக்கொள்ளச் சொல்வது போன்றது அது.

2. செலவை முதலில் கணக்கிடுங்கள்

ஜூலியார்ட், மன்ஹாட்டன் ஸ்கூல் ஆஃப் மியூசிக், தி நியூ ஸ்கூல், பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரி, நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி போன்ற தனியார் பள்ளிகளில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 50,000 டாலர் அளவில் இருக்கும். வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் தனி. உதவித்தொகை இல்லாமல் கடன் வாங்கி இதில் சேர்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஜாஸ் வருமானத்தில் அந்தக் கடனை அடைத்த ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

பலரும் கவனிக்காமல் கடந்து போவது நகரின் பொதுப் பல்கலைக்கழகத்தை. சிட்டி காலேஜ், குயின்ஸ் காலேஜ் இரண்டிலும் ஜாஸ் படிப்பு உண்டு; வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம்கூடத் தனியார் பள்ளிகளை விட வெகு குறைவு. ஹட்சன் ஆற்றுக்கு அப்பால் நியூ ஜெர்சியில் வில்லியம் பேட்டர்சன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கிருந்து இரவு நகரத்துக்கு வந்து போகலாம், களைப்பைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால்.

முழு இலவசம் வேண்டுமா? லாஸ் ஏஞ்சலிஸில் யுசிஎல்ஏ பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் ஹெர்பி ஹான்காக் இன்ஸ்டிட்யூட் ஒரு சிறு குழுவை மட்டும் தேர்ந்தெடுத்து, கல்விக் கட்டணமின்றிப் பயிற்சி கொடுத்து, வாழ்க்கைச் செலவுக்கும் உதவுகிறது. மொத்தக் குழுவே ஓர் இசைக்குழுவின் அளவுதான் என்பதால் உங்கள் கருவிக்கு ஓர் இடம் கிடைப்பதே அரிது. விண்ணப்பியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி வேறு எங்கும் விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

பட்டமே தேவையில்லை என்றால் சில வாரங்கள் நடக்கும் பயிற்சி முகாம்கள் உண்டு. கனடாவின் பான்ஃப் சென்டரில் நடக்கும் ஜாஸ் பயிற்சி முகாம் அவற்றில் பெயர் பெற்றது. விஜய் ஐயர் 2013 முதல் பல ஆண்டுகள் அதை வழிநடத்தினார். மூன்று வாரம் ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டு, வாசித்துப் பழகியவர்கள் பிற்காலத்தில் ஒருவரை ஒருவர் தங்கள் குழுவில் சேர்த்துக்கொள்கிறார்கள். இரண்டாண்டுப் பட்டம் கொடுக்காத உறவுகளை அது சில நேரம் கொடுத்துவிடுகிறது.

3. ஆடிஷன் பதிவு: ஆறு மாதம் முன்பே

பெரும்பாலான பள்ளிகள் முதலில் ஒரு பதிவைக் கேட்கும். அதில் தேறியவர்களை மட்டும் நேரில் அழைக்கும். விண்ணப்பத்தின் கடைசி நாள் பல இடங்களில் டிசம்பர் 1 வாக்கில் வரும். நேர்முக ஆடிஷன் ஜனவரி முதல் மார்ச் வரை, முடிவு மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ. எனவே ஜூன், ஜூலையில் பாடல்களைத் தேர்ந்தெடுத்து அக்டோபருக்குள் பதிவு செய்துவிடுங்கள். நவம்பரில் ஒலிப்பதிவுக் கூடங்களில் இடமும் கிடைக்காது, நல்ல ட்ரம்ஸ் கலைஞரும் கிடைக்க மாட்டார். எல்லோரும் அப்போதுதான் விழித்துக்கொள்கிறார்கள்.

ஒரு 12 பார் ப்ளூஸ், ஒரு மெதுவான பாடல், ஒரு வேகமான ஸ்டாண்டர்ட் (ஜாஸ் கலைஞர்கள் பலரும் வாசிக்கும் பழகிய பாடல்) என்பது பரவலாகக் கேட்கப்படும் தொகுப்பு. ஆனால் பள்ளிக்குப் பள்ளி மாறும்; ஒரு பள்ளியின் பட்டியலைப் பார்த்துவிட்டு ஐந்து பள்ளிகளுக்கும் அதையே அனுப்பாதீர்கள். உடன் வாசிப்பவர்கள் நேரில் இருக்க வேண்டுமா, முன்பே பதிவான பின்னணி போதுமா என்பதைப் படித்துப் பாருங்கள். நடுவில் வெட்டி ஒட்டிய காணொளியைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொரு பள்ளிக்கும் 100 டாலரைத் தாண்டுவது வழக்கம். 7 பள்ளிகளுக்கு விண்ணப்பித்து 800 டாலர் கரைத்தேன். அவற்றில் மூன்று, ஆசானே இல்லாத பள்ளிகள்.

4. விசா: வாசிக்கும் முன் விதியைப் படியுங்கள்

இடம் கிடைத்ததும் பள்ளி உங்கள் வங்கி இருப்புக்கான சான்றைக் கேட்கும். முதல் ஆண்டின் முழுச் செலவுக்கும் பணம் இருக்கிறது என்று காட்டினால்தான் விசாவுக்குத் தேவையான ஐ-20 என்ற சேர்க்கைப் படிவம் வரும். அது வந்த பிறகு வரிசை இதுதான்: 350 டாலர் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவேடு) கட்டணம், டிஎஸ்-160 இணைய விண்ணப்பம், 185 டாலர் விசா கட்டணம், நேர்காணல். 2025ல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் இதற்கு மேல் 250 டாலர் கூடுதல் கட்டணத்துக்கும் வழி செய்திருக்கிறது. பணம் கட்டும் வாரத்தில் தூதரகத்தின் இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். எஃப்-1 என்ற இந்த மாணவர் விசாவில், வகுப்பு தொடங்கும் நாளுக்கு 30 நாட்களுக்கு மேல் முன்னதாக நாட்டுக்குள் நுழைய முடியாது. "கோடை முழுவதும் ஜாம் செஷன்களுக்குப் போகலாம்" என்று மே மாதமே டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

இனி, இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். எஃப்-1 மாணவர், அனுமதி இல்லாமல் வளாகத்துக்கு வெளியே சம்பளத்துக்கு வாசிக்கக் கூடாது. உணவகத்தில் 80 டாலருக்கு வாசிப்பதும் வேலைதான். உண்டியலில் விழும் சில்லறையும் வருமானம்தான். "காசு வேண்டாம், சாப்பாடு போடுங்கள்" என்பதும் உங்களைக் காப்பாற்றாது. முதல் பருவத்திலேயே ஒருவர் என்னைத் திருமண வரவேற்பில் வாசிக்க அழைத்தார். மகிழ்ச்சியில் சரி என்றும் சொல்லிவிட்டேன். பள்ளியின் வெளிநாட்டு மாணவர் ஆலோசகரிடம் தற்செயலாக அதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை இன்றும் மறக்கவில்லை. அன்று மாலையே அழைத்தவரிடம் மன்னிப்புக் கேட்டு, வேறொரு பேஸ் கலைஞரின் எண்ணைக் கொடுத்தேன்.

சட்டப்படி உங்களுக்கு மூன்று கதவுகள் உண்டு. வளாகத்துக்குள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம்; பாடகர்களின் வகுப்புக்குப் பியானோ வாசிப்பது, ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவுவது போன்றவை. ஓராண்டு படித்த பிறகு, பாடத்திட்டத்தோடு இணைந்த பயிற்சியாகச் சில வெளி நிகழ்ச்சிகளுக்குப் பள்ளி சிபிடி அனுமதி கொடுக்கலாம். படிப்பு முடிந்ததும் ஓபிடி என்ற 12 மாத வேலை அனுமதி.

ஓபிடிக்குப் படிப்பு முடிவதற்கு 90 நாட்கள் முன்பிலிருந்து, முடிந்த 60 நாட்கள் வரை விண்ணப்பிக்கலாம். முதல் நாளிலேயே விண்ணப்பியுங்கள். வேலை அனுமதி அட்டை கையில் வராமல் வாசிக்க முடியாது, காத்திருப்பு மாதக் கணக்கில் போகலாம். அந்த 12 மாதத்தில் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையின்றி இருந்தால் அனுமதி போய்விடும். இசைக் கலைஞர்களுக்கு ஓர் ஆறுதல்: ஒரே முதலாளி வேண்டியதில்லை. பல சிறு நிகழ்ச்சிகளைச் சேர்த்துக் காட்டலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாள், இடம், அழைத்தவர், நேரம் ஆகியவற்றைப் பட்டியலாக வைத்திருக்க வேண்டும். நான் அந்தப் பட்டியலை மனத்தில் வைத்திருந்தேன்.

5. ஜாம் செஷனில் முதல் ஆறு வாரம்

காசு வாங்காமல், விருந்தாளியாக மேடையேறி ஒன்றிரண்டு பாடல் வாசிக்கும் ஜாம் செஷன்தான் மாணவரின் உண்மையான வகுப்பறை. கிரீனிச் வில்லேஜில் மேற்கு 10ஆம் தெருவில் இருக்கும் ஸ்மால்ஸ் இதற்குப் பெயர் பெற்றது. பின்னிரவில் முக்கிய நிகழ்ச்சி முடிந்ததும் அடுத்த தலைமுறை வரிசையில் நிற்கும்.

முதல் இரண்டு முறை கருவியை உறையிலிருந்து எடுக்காதீர்கள். கேளுங்கள். யார் பட்டியல் எழுதுகிறார், எந்தப் பாடல்களை அழைக்கிறார்கள், ஒருவர் எத்தனை சுற்று தனி ஆவர்த்தனம் வாசிக்கிறார் என்று பாருங்கள். அழைக்கப்பட்டு உங்களுக்குத் தெரியாமல் போன பாடல்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புதான் உங்கள் அடுத்த மாதப் பாடத்திட்டம். என் முதல் இரவில் 9 பாடல்களில் 6 எனக்குத் தெரியவில்லை.

மேடையேறும்போது இரண்டு சுற்று போதும். நன்றாகப் போகிறது என்று ஆறு சுற்று இழுத்தவரை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள், தவறான காரணத்துக்காக. மின்னல் வேகத்தில் பாடலை அழைத்து மற்றவர்களைச் சோதிக்காதீர்கள். கைபேசியைப் பார்த்து ஸ்வர வரிசை தேடுவது கட்டாயமென்றால் அந்தப் பாடலுக்கு இறங்கிவிடுவது மேல். பாடகர் என்றால் உங்கள் சுருதியில் எழுதிய தாள்கள் குறைந்தது மூன்று பிரதி கையில் இருக்கட்டும். எண்ணித் தொடங்கும் வேகத்தை நீங்களே தெளிவாகக் கொடுங்கள். ட்ரம்ஸ் கலைஞர் குச்சிகளைத் தானே கொண்டு வர வேண்டும். இது எழுத வேண்டிய விஷயமா என்று தோன்றலாம். நான் பார்த்ததால்தான் எழுதுகிறேன்.

பேஸ் வாசிப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: எங்களில் ஆட்கள் குறைவு, எனவே மேடையில் நெடுநேரம் நிறுத்திவிடுவார்கள். அதைத் தண்டனையாக நினைக்காதீர்கள். 12 சாக்ஸஃபோன் கலைஞர்களுக்குப் பின்னால் 2 மணி நேரம் நின்று தாளம் பிடித்த இரவில்தான் எனக்கு முதல் ஒத்திகை அழைப்பு வந்தது.

6. ஆசான் உருவாவது

ஆசானைக் கேட்டுப் பெறுவதில்லை. ஒருவர் உங்களை மூன்றாவது முறை அழைக்கும்போது அவர் ஏற்கெனவே ஆசானாகிவிட்டார், இருவரும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை. அந்த மூன்றாவது அழைப்பு வருவதற்கு நீங்கள் செய்யக்கூடியவை சில.

அவருடைய நிகழ்ச்சிகளுக்குப் போங்கள். டிக்கெட் வாங்கிப் போங்கள். விருந்தினர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லாதீர்கள். முடிந்ததும் ஒரே ஒரு குறிப்பான கேள்வி கேளுங்கள். "அருமையாக இருந்தது" என்பதற்கு நன்றி என்ற பதில்தான் வரும். "இரண்டாவது பாடலில் பாலம் (நடுப்பகுதி) வந்த இடத்தில் ட்ரம்ஸை நிறுத்தச் சொன்னது முன்கூட்டியே முடிவு செய்ததா?" என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்.

அவருடைய சொந்த இசையமைப்புகளைத் தாள் இல்லாமல் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அவருடைய பேஸ் கலைஞருக்கு ஒருநாள் காய்ச்சல் வரும். அன்று மாலை 4 மணிக்கு யாருக்குத் தொலைபேசி வரும் என்று நினைக்கிறீர்கள்? ஒத்திகைக்கு அரை மணி முன்பே போய், கருவியைச் சுருதி சேர்த்து வைத்திருங்கள். திருத்தம் சொன்னால் விளக்கம் கொடுக்காமல் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பென்சில்தான், பேனாவைப் பார்த்தால் பழைய கலைஞர்கள் முகம் சுளிப்பார்கள்.

முறையான திட்டங்களும் உண்டு. நியூயார்க்கின் ஜாஸ் கேலரி என்ற லாப நோக்கற்ற அரங்கம் மூத்தவரையும் இளையவரையும் இணைத்துப் பல இடங்களில் சேர்ந்து வாசிக்க வைக்கும் நிகழ்ச்சித் தொடரை நடத்தியிருக்கிறது. பெண்களுக்கும் பால் இருமைக்குள் அடங்காதவர்களுக்கும் இரண்டு வாசல்கள் கூடுதலாக உண்டு. ட்ரம்ஸ் கலைஞர் டெரி லின் காரிங்டன் பாஸ்டனின் பெர்க்லி கல்லூரியில் 2018ல் தொடங்கிய நிறுவனமும் நியூ மியூசிக் யுஎஸ்ஏ என்ற அமைப்பும் சேர்ந்து நடத்தும் நெக்ஸ்ட் ஜாஸ் லெகசி, அனுபவமிக்க குழுத்தலைவர்களிடம் பயிற்சிக் காலம் வாங்கித் தருகிறது. பாடகர்கள் ஜென் ஷ்யூ, சாரா செர்ப்பா இருவரும் 2020ல் தொடங்கிய எம்3 அமைப்பில் மேல் கீழ் இல்லை; கலைஞர்கள் ஒருவருக்கொருவர் வழிகாட்டுகிறார்கள். எதற்கு விண்ணப்பித்தாலும் குடியுரிமை, வசிப்பிட நிபந்தனையை முதலில் படியுங்கள். இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதிய விண்ணப்பத்தைக் கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு வரியால் நான் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

போட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சமாரா ஜாய் 2019ல் சாரா வான் பாடகர் போட்டியில் வென்றார், 2023ல் சிறந்த புதுக் கலைஞருக்கான கிராமி வாங்கினார். அதைக் கேட்டுவிட்டுப் போட்டிதான் வழி என்று முடிவு செய்துவிடாதீர்கள். வென்றவரின் கதை மட்டும்தான் நம் காதுக்கு வருகிறது.

கசப்பான பகுதியையும் சொல்லியாக வேண்டும். எனக்கு வாய்த்த முதல் "ஆசான்" ஓராண்டு முழுவதும் என்னை இசைத்தாள் படியெடுக்க வைத்தார், பெட்டி தூக்க வைத்தார். ஒருமுறைகூட மேடையில் வாசிக்க விடவில்லை. உதவி செய்வது வேறு, சுரண்டப்படுவது வேறு. மூன்று மாதத்தில் உங்கள் வாசிப்பைப் பற்றி அவர் ஒரு பயனுள்ள சொல்கூடச் சொல்லவில்லை என்றால் விலகுங்கள். நள்ளிரவில் தனியாக வீட்டுக்கு வரச் சொல்லும் பாடம், பாடம் அல்ல. அதைப் பள்ளியிலோ நம்பகமான இன்னொரு மூத்த கலைஞரிடமோ சொல்லுங்கள்.

7. கோப்பு

ஓபிடி முடிந்த பிறகும் தங்கி வாசிக்க வேண்டுமென்றால் பெரும்பாலான ஜாஸ் கலைஞர்கள் நாடுவது, கலையில் சிறந்து விளங்குபவர்களுக்கான ஓ-1பி விசா. முதலில் 3 ஆண்டு வரை கிடைக்கும். உங்களுக்காக மனு போட அமெரிக்காவில் ஒரு முதலாளியோ முகவரோ வேண்டும். உங்களுக்கு நீங்களே போட முடியாது. மிகப் பெரிய விருது இல்லாதவர்கள் ஆறு வகை ஆதாரங்களில் குறைந்தது மூன்றைக் காட்ட வேண்டும்: பெயர் பெற்ற நிகழ்ச்சியில் முதன்மைப் பங்கு, பெயர் பெற்ற நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு, பத்திரிகை விமர்சனங்கள், வணிக அல்லது விமர்சன வெற்றி, வல்லுநர்களின் அங்கீகாரம், உயர்ந்த ஊதியம். ஜாஸில் கடைசி வகையை மறந்துவிடுங்கள்.

முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பு தொடங்குங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இவை அதில் போக வேண்டும்: உங்கள் பெயர் உள்ள துண்டறிக்கை, அரங்கத்தின் இணையப் பக்கத்தைத் தேதி தெரியும்படி எடுத்த படம் (அடுத்த மாதம் அந்தப் பக்கம் இருக்காது), அழைப்பு மின்னஞ்சல், ஒப்பந்தம், மேடைப் புகைப்படம், விமர்சனம் வந்தால் முழுப் பக்கம். பெயர் எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வரட்டும். மேடைப் பெயர் வேறென்றால் இரண்டும் ஒருவரே என்று காட்ட ஒரு காகிதம் வேண்டியிருக்கும்.

பரிந்துரைக் கடிதங்கள்தான் இதன் முதுகெலும்பு. "நல்ல கலைஞர், கடின உழைப்பாளி" என்று எழுதிய கடிதத்தால் பயன் இல்லை. எந்த ஆண்டு, எந்த மேடை, உங்கள் பங்கு என்ன, அந்தக் குழுவுக்கு நீங்கள் ஏன் தேவைப்பட்டீர்கள் என்று இருக்க வேண்டும். பயணத்தில் இருப்பவருக்கு இதையெல்லாம் நினைவுபடுத்திக்கொள்ள நேரம் இருக்காது. தேதிகளையும் நிகழ்ச்சிகளையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, 2 மாதம் முன்பே கேளுங்கள்.

இசைக் கலைஞர்கள் சங்கத்தின் கருத்துக் கடிதமும் மனுவோடு சேர வேண்டும். வரப்போகும் நிகழ்ச்சிகளின் அட்டவணையும் ஒப்பந்தங்களும் இணைக்கப்படும்; அடுத்த ஆண்டுக்கான வாக்குறுதிகளை எழுத்தில் வாங்குவது இந்தத் தொழிலில் எவ்வளவு கடினம் என்பது நாள் நெருங்கும்போது தெரியும். இந்த மனுவுக்கான ஐ-129 படிவத்தின் அரசுக் கட்டணம் 2024 ஏப்ரல் முதல் 1,055 டாலர். சிறு நிறுவனத்துக்கும் லாப நோக்கற்ற அமைப்புக்கும் 530. இதற்கு மேல் அடைக்கலத் திட்டக் கட்டணம் 600 டாலர். சிறு நிறுவனத்துக்கு 300, லாப நோக்கற்றதற்கு இல்லை. 15 வேலை நாளில் முடிவு வேண்டுமென்றால் விரைவுக் கட்டணம் 2,800 டாலருக்கு மேல். வழக்கறிஞரின் கட்டணம் இதையெல்லாம் விடப் பெரிது. மனுவை ஓராண்டு முன்பு வரை போடலாம். 6 மாதம் முன்பே தயாராகிவிட்டால் அந்த விரைவுக் கட்டணம் மிச்சம். நான் 5 வாரம் முன்பு தொடங்கினேன். அந்த ஆண்டு கருவிக்குப் புதுத் தந்தி வாங்கக்கூடக் காசில்லை.

8. வரியும் உரிமைத்தொகையும்

ஓபிடியில் முதல் நிகழ்ச்சி முடிந்ததும் டபிள்யூ-9 என்ற வரிப் படிவத்தை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடும் முன் நில்லுங்கள். எஃப்-1ல் முதல் 5 ஆண்டுகள் வரி நோக்கில் நீங்கள் பெரும்பாலும் அங்கு வசிப்பவராகக் கருதப்படுவதில்லை, டபிள்யூ-9 வசிப்பவர்களுக்கானது. உங்களுக்கு வேறு படிவங்கள் உண்டு. பள்ளியின் ஆலோசகரிடம் கேளுங்கள். ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காத ஆண்டிலும் 8843 என்ற படிவத்தை அனுப்ப வேண்டும் என்பது எனக்கு இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்தது. பிற்காலத்தில் வரி நோக்கில் வசிப்பவராகிவிட்டால் சுயதொழில் வரி 15.3 சதவீதம் வரும், வருமான வரி தனி. கைக்கு வரும் ஒவ்வொரு காசோலையிலும் நாலில் ஒரு பங்கை அன்றே வேறு கணக்கில் போட்டுவிடுங்கள்.

சொந்த இசையமைப்பை வாசிப்பவர் உரிமைத்தொகை வசூலித்துத் தரும் அமைப்புகளான ஆஸ்கேப், பிஎம்ஐ இரண்டில் ஒன்றில் சேர்ந்து, வாசித்த பாடல் பட்டியலை நிகழ்ச்சிக்குப் பிறகு பதிவு செய்தால் சிறு அரங்குகளில் வாசித்ததற்கும் உங்களுக்கு உரிமைத்தொகை வரும். இணைய வானொலியில் உங்கள் பதிவு ஒலித்தால் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு பணம் தருகிறது. அதில் சேரக் கட்டணம் இல்லை.

அடுத்தவர் எழுதிய, இன்னும் காப்புரிமையில் இருக்கும் ஸ்டாண்டர்டை ஆல்பத்தில் சேர்த்தால் விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் இசையமைப்பாளருக்குப் பணம் போக வேண்டும். அமெரிக்காவில் 2025க்கான சட்டபூர்வ விகிதம் ஒரு பாடலுக்கு 12.7 சென்ட். இது 5 நிமிடத்துக்குள் முடியும் பாடலுக்கு. அதைத் தாண்டினால் நிமிடக் கணக்கு. ஜாஸ் கலைஞர் எவர் 5 நிமிடத்தில் முடிக்கிறார்? 11 நிமிடம் ஓடிய ஒரு பாடலால் என் முதல் ஆல்பத்தின் 500 குறுந்தகடுகளுக்குக் கணக்கு எகிறியது. அச்சுக்குக் கொடுக்கும் முன்பே ஒவ்வொரு பாடலின் நீளத்தையும் எழுதிப் பெருக்கிப் பார்த்துவிடுங்கள்.